கான் என்றால் காடு

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பதுளைக் கடைவீதியில் எங்கள் வாப்பாவின் இரும்புக்கடை வாசலில் நனைந்த கோழியாக வந்து நின்றார் அவர். கையில் குடை இருந்தது. அதை விரித்துப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் மடக்கிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கடைக்குள் ஆறேழு பேர் ஆணி, பூட்டு, மண்வெட்டி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ," என்றார். "நேற்று இதே இடத்தில நிண்டு, இந்த முதலாளி வித்த கயிறு அளவு குறைவு, இவர் ஆக்களை ஏமாத்துறார் எண்டு சத்தம் போட்டனான். கயிறு சரி. எங்கட அளவுநாடாதான் பழசு, இழுபட்டு நீண்டு போச்சு. நான் பிழை விட்டிட்டன்."

வாப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "சரி மகன், உள்ளுக்கு வந்து இரிங்க. இதெல்லாம் மெதுவாச் சொன்னாப் போதாதா?"

"நேற்று மெதுவாவோ ஏசினனான்? ஏசின சத்தத்திலதான் திருத்தவும் வேணும், முதலாளி."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நேற்று நின்றவர்களில் யார் இன்று இல்லை என்று யோசித்தார். எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்ததும் மழைக்குள் இறங்கி வீதியைக் கடந்துபோய் அங்கேயும் ஒருமுறை ஒப்பித்தார். வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவர் உங்கட கெம்பஸ்ஸா மகள், இல்லாட்டி நாடகக் கம்பனியா?"

"ரெண்டும்தான் வாப்பா," என்றேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வகுப்பு. நெடுநெடுவென்ற உயரம், தடித்த கண்ணாடி. யார் என்ன பேசினாலும் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் வேர் எது, பழந்தமிழில் அதற்கு என்ன பொருள் என்று கிண்டத் தொடங்கிவிடுவார். சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட 'வரிசை' எங்கிருந்து வந்தது என்று கேட்பார். நாங்கள் அவருக்குப் புலவர் என்று பெயர் வைத்தோம். அவருக்கும் உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது.

அவருடைய திருத்தங்களால் எல்லோருக்கும் ஆதாயம் என்று நினைத்துவிடக்கூடாது. ஒருநாள் நான் வரைந்த வரைபடத்தை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இப்பிடி ஒரு படம் இந்த வகுப்பில ஒருத்தரும் கீறேல்லை," என்று புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை, விரிவுரை தொடங்குவதற்கு முன் எழுந்து நின்றார். "நேற்று நான் புகழ்ந்த படத்தை ஆறுதலாப் பார்த்தனான். உயரக்கோடு ரெண்டு ஒண்டையொண்டு வெட்டுது. ஒரே இடத்துக்கு ரெண்டு உயரம் வராது. அது அவ்வளவு நல்ல படமில்லை. நான் பிழை விட்டிட்டன்." ஒரு கிழமை நான் அவரோடு பேசவில்லை. அவரோ, புகழ்ச்சிக்கும் வசைக்கும் ஒரே சட்டம்தான் என்பதுபோல, பேசாமல் இருக்கிற என்னிடம் வந்து பென்சில் கடன் கேட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழியில் புவியியலைச் சிறப்புப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தோம். இன்று பிள்ளைகள் சுற்றாடல் விஞ்ஞானம் என்று தனியாக ஒரு பட்டமே வாங்குகிறார்கள். அன்று மண்ணரிப்பு, நீர், காடு எல்லாம் புவியியலுக்குள் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. அந்த மூலையை எங்கள் பேராசிரியர் வெயிலுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடையாய் நடந்து அனுமதி வாங்கி, எங்களைக் கள ஆய்வுக்கு இறக்கிவிட்டார். மற்றவர்கள் விடுமுறைக்குப் பூட்டியிருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நான் மட்டும் வாப்பாவின் கட்டளைப்படி பொழுதுபட முன்னர் பஸ் பிடித்துப் பதுளைக்கு வீடு திரும்புவேன்.

கருவி என்று பெரிதாக எதுவுமில்லை. சரிவை அளக்க வாப்பாவின் கடைக் கயிறு. மழையை அளக்க ஒரு ஜாம் டின். ஓடைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சோடாப் போத்தல்கள். மழைக்கு முன் ஒரு போத்தல், மழைக்குப் பின் ஒரு போத்தல் என்று பள்ளிக்கூட ஜன்னலில் அடுக்கி, சேறு அடியில் தங்கியபின் அடிமட்டத்தால் அளப்போம். மூன்று வருடமாகப் புத்தகத்தில் மண்ணரிப்பு, மண்ணரிப்பு என்று படித்திருந்தேன். போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அது சிவப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

பேராசிரியர் முதல்நாளே ஒரு விதி சொன்னார். "கண்ணால் பார்த்ததை 'கண்டோம்' என்று எழுதுங்கள். மற்றவர் சொன்னதை 'கேட்டோம்' என்று எழுதுங்கள். இரண்டையும் கலந்தவருக்குக் கள ஆய்வுத் தாளில் பூச்சியம்."

புலவர் மலையுச்சிப் பக்கத்துக் குழுவில் இருந்தார். சொல்லுக்குப் பயப்படாத மனிதருக்கு அட்டைக்குப் பயம். யாழ்ப்பாணத்தில் அட்டை ஏது! முதல்நாள் காலில் ஒன்று ஏறியபோது அவர் போட்ட சத்தத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். அதன்பிறகு முழங்கால்வரை சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு நுரையோடு திரிந்தார்.

பனிமூட்டமாயிருந்த ஒரு நாள், உச்சிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவரும் அவருடைய குழுவிலிருந்த மன்னார்ப் பையன் ஒருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். எதிரே வேலை முடித்துத் தோளில் விறகுக்கட்டும் கையில் கத்தியுமாக இறங்கி வந்தார் மாரிமுத்து. அந்தத் தோட்டத்து ஆள். எங்களுக்குப் பாதை காட்டுவது, போத்தல் தூக்கித் தருவது என்று பழகிவிட்டவர்.

"மேல என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார் புலவர்.

"கான் வெட்டுறோங்க தம்பி. வருசா வருசம் மழைக்கு முந்தி வெட்டிப்புடுவோம். அந்தா, உச்சி வரைக்கும்."

புலவர் அப்படியே நின்றுவிட்டாராம். கான்! காட்டுக்குப் பழந்தமிழ் வைத்த பெயர். புத்தகத்தில் மட்டும் கிடக்கிற சொல் இந்த மலையில், விறகு சுமக்கிற மனிதரின் வாயில் உயிரோடு இருக்கிறது! அந்த மகிழ்ச்சியில் உச்சி மறந்துபோனது. மேலே பனி, புல்லெல்லாம் அட்டை, கையில் கத்தியோடு சாட்சி நேரிலேயே நிற்கிறது. இதற்குமேல் எதற்கு ஏறவேண்டும் என்று திரும்பிவிட்டார். அன்று மாலை நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்க, இவர் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். கேட்டவர்கள் அத்தனைபேரும் சமவெளிப் பிள்ளைகள். தலையாட்டியிருக்கிறார்கள்.

அறிக்கையில், படிப்பவர்களுக்குப் பழஞ்சொல் விளங்காதே என்ற நல்ல எண்ணத்தில், கான் என்பதைக் காடு என்று மாற்றி எழுதினார். 'மேற்சரிவில் ஆண்டுதோறும் காடு வெட்டப்படுவதைக் கண்டோம்.' கீழே, 'தகவல்: மாரிமுத்து, தோட்டத் தொழிலாளி.' சொன்னவர் பெயரைப் போடாமல் எழுதுவது களவு என்று பிடிவாதமாகப் பெயரைச் சேர்த்ததும் அவர்தான். கண்டோம் என்றிருந்ததால், உச்சிக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். பேராசிரியர் மரியாதைக்காக ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் எழுதித் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அனுப்பிவைத்தார்.

அதன்பிறகு ஒரு விடுமுறையில் நான் கடையில் இருந்தபோது மாரிமுத்து வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாப்பா, அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி எங்க இருக்காரு? அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்ன மாரிமுத்தண்ணே?"

"காட்ட வெட்டுறோம்னு நான் சொன்னேனாம். தோட்டத்தைப் பத்தி வெளியாளுகிட்டப் பொய் சொன்னேன்னு தொரை காலைப் பெரட்டுல ஆளுங்க முன்னாடி வச்சு எம்பேர வெட்டிட்டாரு. இனிமே ஒரு கெம்பஸ் புள்ளையும் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னுட்டாரு. அங்க வெட்டுறதுக்குக் காடு எங்க பாப்பா இருக்கு? எல்லாம் தேயிலைதானே? நான் கான் வெட்டுறோம்னுதானே சொன்னேன்!"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பதுளையில் பிறந்தவளுக்கு அகராதி வேண்டியதில்லை. தோட்டத்தில் கான் என்றால் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாமல் இருக்கச் சரிவின் குறுக்கே வெட்டும் வாய்க்கால். மண்ணைக் காப்பாற்றச் செய்கிற வேலையை, மண்ணை அழிக்கிற வேலை என்று எழுதிவைத்திருக்கிறோம்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெயர் வெட்டுவது என்றால் சும்மா இல்லை. செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தோட்டம் கொடுத்த லயத்து அறை எத்தனை நாளைக்கு என்று சொல்லமுடியாது. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

திரும்பிப் போனதும் புலவரை நூலகத்தில் பிடித்தேன்.

"புலவரே, கான் என்றால் என்ன?"

"காடு," என்றார், முகமெல்லாம் மலர. "கானகம், கானாறு, கானக்கோழி..."

"உங்க ஊரில தெருவோரத்தில தண்ணி ஓடுறதுக்கு என்ன சொல்வீங்க?"

"அதுவும் கான்தான். சீமெந்தால கட்டுறது."

"அங்க கட்டுறாங்க. தோட்டத்தில வெட்டுறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மாரிமுத்துவுக்கு நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டவே இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே பேராசிரியரின் அறைக்கு நடந்தார். பின்னால் நானும் போனேன்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. கள ஆய்வு நின்றுபோய்விடுமே என்று நொந்துபோயிருந்தார். "தொழிலாளி தந்த தகவல் தவறு என்று ஒரு வரி எழுதி அனுப்புவோம்," என்றார். "துரையும் சமாதானமாவார், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும்."

"அவர் சரியாத்தான் சொன்னவர் சேர். நான்தான் பிழையாக் கேட்டனான்."

"அப்படி எழுதினால் நீர் உச்சிக்கு ஏறவேயில்லை என்பதும் வெளியே வரும். கண்டோம் என்று எழுதியிருக்கிறீர். விதி தெரியும்தானே? அந்தத் தாள் போனால் சிறப்புப் பட்டம் போய்விடும்."

சிறப்புப் பட்டம் போனால் விரிவுரையாளர் வேலை கனவிலும் கிடையாது. அந்த மனிதர் அந்த ஒரு வேலைக்காகவே பிறந்தவர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. மகன் பேராசிரியராகப் போகிறான் என்று அவருடைய அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். புலவர் கையிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பேசினார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"பூச்சியம் போடுங்கோ சேர்."

"சரி, துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும். அனுப்புகிறேன்."

"அந்த ஆளின்ர பெயரைப் பெரட்டில எல்லாருக்கும் முன்னால வெட்டினவை. கடிதத்தை ஆர் அங்க வாசிச்சுக் காட்டப்போகினம்? நான் போறன்."

அவருக்குச் சிறப்புப் பட்டம் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பட்டத்தோடு வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போனார். அங்கிருந்து எனக்குக் கடிதம் போடுவார். அதிலும் பாதி, போன கடிதத்தில் விட்ட பிழைகளின் திருத்தம். எண்பதுகளில் வடக்கிலிருந்து தபால் ஒழுங்காக வராத காலம் ஒன்று வந்தது. அதோடு அவருடைய கடிதங்களும் நின்றுவிட்டன. எங்கள் துறையின் எந்தப் பலகையிலும் அவர் பெயர் இல்லை. அந்தத் துறை பெற்ற ஆட்களுக்குள் ஆகப் பெரியவர் அவர்தான் என்று நான் சொல்வேன். எதிர்த்துப் பேச வருகிறவர்கள் வரட்டும்.

பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடி நின்று அன்றைய வேலையைப் பிரித்து வாங்குகிற இடம். முதல்நாள் மாலையே பதுளைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிய அவரை, வாப்பாவே தெரிந்த ஒருவருடைய வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நானும், கூட வந்த மன்னார்ப் பையனும் பின் இருக்கையில். பனியில் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். பெயர் வெட்டப்பட்ட மாரிமுத்து ஓரத்தில், கை கட்டி நின்றார். வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து நிற்கிறார் என்று பக்கத்திலிருந்த ஒரு பெண் சொன்னார்.

துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். "யாரு இது? கெம்பஸ் ஆளுங்க வரக்கூடாதுன்னு சொன்னேன்தானே?"

"ஒரு நிமிஷம் சேர். பிறகு துரத்துங்கோ," என்றார் புலவர். ஆட்கள் பக்கம் திரும்பினார். வாப்பாவின் கடைவாசலில் பேசிய அதே சத்தத்தில் பேசினார்.

"இந்தத் தோட்டத்தில காடு வெட்டுகினம் எண்டு எழுதினது நான். மாரிமுத்தண்ணை அப்பிடிச் சொல்லேல்லை. கான் வெட்டுறம் எண்டுதான் சொன்னவர். எனக்குக் கான் எண்டால் காடு. மேல ஏறிப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். அட்டைக்குப் பயந்து ஏறேல்லை. பார்க்காமலே பார்த்தன் எண்டு எழுதினனான். பிழை முழுக்க என்ர. அவரில ஒரு பிழையும் இல்லை."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "அடி ஆத்தே! அப்ப நம்ம ஆம்பளைங்க வருசம் பூராவும் மம்பட்டிய வச்சுக் காட்டையா வெட்டிக்கிட்டிருந்தாங்க?"

களம் முழுக்கச் சிரிப்பு. கங்காணி வாயைப் பொத்திக்கொண்டார். துரை சிரிக்கக்கூடாது என்று பாடுபட்டது மீசையில் தெரிந்தது.

"இத உங்க ரிப்போட்டுலயும் எழுதுவியா?" என்று கேட்டார்.

"முதல் பக்கத்தில எழுதிக் கொண்டுவந்திருக்கிறன்," என்று பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார் புலவர்.

துரை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கங்காணி, மாரிமுத்து பேர எழுது," என்றார். மாரிமுத்து கட்டிய கையை அவிழ்க்கவும் மறந்து நின்றார். துரை எங்கள் பக்கம் திரும்பினார். "நீ இன்னும் கான் பாக்கலதானே? போ மேல. மம்பட்டி எடுத்துக்கிட்டுப் போ. இனி வர்ற புள்ளைங்களும் அப்படித்தான். மொதல்ல கான் வெட்டட்டும், அப்புறமா எழுதட்டும்."

துரைமார் மாறினார்கள், அந்தச் சொல் மாறவில்லை. பின்னாளில் நான் விரிவுரையாளராகிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோதும் முதல்நாள் கான் வெட்டுத்தான். கையெல்லாம் கொப்புளம் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று உள்ளங்கையால் படித்த பிள்ளை அதைப் பரீட்சையில் மறந்து நான் பார்த்ததில்லை.

அன்று நாங்கள் உச்சிக்கு ஏறினோம். சவர்க்காரம் பூச நேரமில்லை. அட்டை அவர் காலில் தன் இஷ்டத்துக்கு ஏறியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாரிமுத்து நூல் பிடித்துக் காட்டிய கோட்டில் புலவர் வெட்டத் தொடங்கினார். மண்வெட்டி பிடித்த விதத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சநேரத்தில் கை பழகிவிட்டது. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை அள்ளிக் கரையில் போட்டேன். மத்தியானத்துக்குமேல் மழை வந்தது. மேலிருந்து சிவப்பாக, அவசரமாக ஓடிவந்த தண்ணீர் நாங்கள் வெட்டிய கானுக்குள் விழுந்ததும் வேகம் தணிந்து, மண்ணை அடியில் விட்டுவிட்டு, மெல்ல ஒதுங்கிப் போனது. புலவர் மழைக்குள் நின்று கானுக்குள் கையை விட்டு, அடியில் தங்கிய சேற்றை அள்ளிப் பார்த்தார். "கண்டோம்," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

மாரிமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, எங்கப்பா காலத்துலருந்து அந்தப் பெரட்டுல நிக்கிறோம். எங்க பேரச் சொல்லி ஏசித்தான் கேட்டிருக்கேன். எம்மேல குத்தமில்லன்னு ஒருத்தரு அங்க நின்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

எந்தச் சொல்லுக்கும் ஒரு மறுசொல் வைத்திருக்கிற அந்த மனிதர் கண்ணாடியில் வழிந்த மழையைத் துடைக்காமல், குனிந்து அடுத்த அடியை வெட்டத் தொடங்கினார். நான் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்த மலையில், அந்த மழைக்குள், அவர் வெட்டிய மண்ணை அள்ளிப் போட்டவள்.